வான துருவத்தைக் கண்டுபிடிக்க எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

துருவ நட்சத்திரம் தெரிந்துவிட்டால் வட வான துருவமும் கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் நடுவே இப்போது சுமார் 38 கோண நிமிட இடைவெளி இருக்கிறது. ஒரு டிகிரியை 60 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு கோண நிமிடம். முழுநிலாவின் அகலம் ஏறத்தாழ 31 கோண நிமிடம். அதாவது, நட்சத்திரத்துக்கும் உண்மையான துருவத்துக்கும் நடுவே ஒரு முழுநிலாவை வைத்தாலும் இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்சும். வடக்கு எது என்று மட்டும் பார்ப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டிப் படம் எடுப்பவருக்கு இது படத்தையே கெடுக்கும் பிழை.

பூமி சுழலும் அச்சை இரண்டு பக்கமும் வானம் வரை நீட்டிப் பாருங்கள். அது தொடும் இரண்டு புள்ளிகள்தான் வான துருவங்கள். வானம் முழுவதும் அந்தப் புள்ளிகளைச் சுற்றியே நகர்வதாக நமக்குத் தெரிகிறது. அடிவானத்திலிருந்து துருவம் எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கும் என்பதற்குக் கணக்கு எளிது: உங்கள் அட்சரேகை எத்தனையோ அத்தனை. 40 டிகிரி வடக்கில் இருப்பவருக்கு வட துருவம் 40 டிகிரி உயரத்தில் இருக்கும், பூமத்தியரேகையில் நிற்பவருக்கு இரண்டு துருவங்களும் எதிரெதிராக அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இந்தப் புள்ளியைப் பிடிக்கப் பல வழிகள் உண்டு. சில, பக்கத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரத்தை அடையாளமாக வைத்துக்கொள்கின்றன. சில, வானத்தின் சுழற்சியை அளந்து அதிலிருந்து துருவத்தைக் கண்டுபிடிக்கின்றன. முதல் வகை வேகமானது. இரண்டாவது வகைக்கு நேரம் பிடிக்கும், ஆனால் எந்த நட்சத்திரத்தின் தயவும் வேண்டாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இரண்டு கேள்விகள் முடிவு செய்யும். உங்கள் வேலை எவ்வளவு பிழையைத் தாங்கும்? நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து துருவப் பகுதி தெரிகிறதா?

முதலில் பிழைக் கணக்கு

பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்து நட்சத்திரங்களைத் தொடரும் மவுண்டைப் பற்றி, அதாவது டெலஸ்கோப்பையோ கேமராவையோ தாங்கிச் சுழற்றும் தாங்கியைப் பற்றிப் பேசுகிறேன். அதன் அச்சு துருவத்திலிருந்து 1 கோண நிமிடம் விலகியிருந்தால், ஒரு நட்சத்திரம் ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் 16 கோண நொடி வழுவும். 60 கோண நொடி சேர்ந்தால் ஒரு கோண நிமிடம். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டே பெரும்பாலான முடிவுகளை எடுத்துவிடலாம்.

கண்ணால் மட்டும் பார்க்கிறீர்கள், ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) அரை டிகிரி வானம் தெரிகிறது, அச்சு ஒரு முழு டிகிரி விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருந்த நட்சத்திரம் ஓரத்துக்குப் போகவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். எப்போதாவது ஒருமுறை திருத்திக்கொண்டால் சரி. இந்தத் தேவைக்காக அரை மணி நேரம் துருவத்தைத் தேடிக்கொண்டிருப்பது வீண் வேலை.

அடுத்து, 24 மில்லிமீட்டர் லென்ஸ், 4 மைக்ரான் பிக்சல் உள்ள கேமரா, சிறிய டிராக்கர் (கேமராவைத் தாங்கும் சிறு மவுண்ட்). இங்கே ஒரு பிக்சல் வானத்தில் 34 கோண நொடியைப் பிடிக்கிறது. துருவ நட்சத்திரத்தையே துருவமாக எடுத்துக்கொண்டு அச்சை அதன்மேல் வைத்து இரண்டு நிமிடம் படம் எடுத்தாலும், வழுவல் 20 கோண நொடிதான். ஒரு பிக்சல்கூட இல்லை. பால்வீதியை அகலமாக எடுக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

அதே கேமராவில் 200 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினால் கதை மாறிவிடும். ஒரு பிக்சல் 4 கோண நொடிதான். அதே 20 கோண நொடி இப்போது ஐந்து பிக்சல் நீளக் கோடாகத் தெரியும். பிழையை 5 கோண நிமிடத்துக்குள் கொண்டுவந்தால் மறுபடியும் ஒரு பிக்சலுக்குள் அடங்கும். 1000 மில்லிமீட்டர் டெலஸ்கோப்புக்கு அந்த 5 கோண நிமிடமும் போதாது, ஒன்றுக்கு அருகே வரவேண்டும். ஆட்டோகைடிங், அதாவது கைடு நட்சத்திரம் ஒன்றைக் கேமராவால் கவனித்து மவுண்டைத் தானே திருத்தும் வசதி, இருக்கிறதே என்று சிலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆட்டோகைடிங் வழுவலைத்தான் பிடித்து நிறுத்தும். கைடு நட்சத்திரத்தை மையமாக வைத்துப் படம் முழுவதும் மெல்லச் சுழல்வதை அதனால் தடுக்க முடியாது. மூலைகளில் நட்சத்திரங்கள் வளைந்து தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெறும் கண்

வட அரைக்கோளத்தில் பழக வேண்டிய முதல் வழி சப்தரிஷி மண்டலம்தான். அகப்பைபோலத் தெரியும் அதன் வடிவத்தின் விளிம்பில் இருக்கும் மெராக், துபே என்ற இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே 5 டிகிரிக்குச் சற்று அதிகமான தூரம். மெராக்கிலிருந்து துபே வழியாக அந்தக் கோட்டை நீட்டி, அதே தூரத்தைப்போல் ஐந்து மடங்கு போனால் துருவ நட்சத்திரம். கையை முழுவதும் நீட்டி மூடிய முஷ்டியைப் பிடித்தால் அது ஏறத்தாழ 10 டிகிரியை மறைக்கும். அந்தக் கணக்கில் துபேயிலிருந்து மூன்று முஷ்டிக்குச் சற்றுக் குறைவு.

இந்த வழியின் குறை, சப்தரிஷி எப்போதும் கண்ணில் படாது என்பது. 41 டிகிரி வடக்குக்கு மேலே போனால்தான் அந்த ஏழு நட்சத்திரங்களும் மறையாமல் இரவு முழுக்கத் தெரியும். பூமத்தியரேகையை நெருங்க நெருங்க அது வானத்தில் இருக்கும் நேரம் குறைந்துகொண்டே போகும். மார்ச் முதல் ஜூன் வரை முன்னிரவில் நன்றாகத் தெரிந்துவிட்டு, ஆண்டின் கடைசி மாதங்களில் மாலையில் காணாமல் போய்விடும். அப்போது கை கொடுப்பது துருவத்தின் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் காசியோபியா. ஐந்து நட்சத்திரங்கள் W எழுத்துபோல ஏறி இறங்கி நிற்கும். அதில் நடு நட்சத்திரத்தின் முனை நீட்டும் பக்கம்தான் துருவத்தின் பக்கம், தூரம் மூன்று முஷ்டி. சப்தரிஷி தரும் அளவுக்குக் கூர்மையான கோட்டை இது தராது. ஆனால் அந்தத் திசையில் வேறு பிரகாசமான நட்சத்திரம் கிடையாது என்பதால் தவறிப்போக வாய்ப்பு குறைவு.

இவ்வளவும் துருவ நட்சத்திரம் வரை கொண்டுவிடும். அங்கிருந்து துருவத்துக்குப் போக ஒரு எளிய வழி இருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. சிறுகரடி மண்டலத்தில் துருவ நட்சத்திரத்துக்கு ஏறத்தாழ இணையான பிரகாசத்தில், ஆரஞ்சு நிறம் கலந்து தெரிவது கோசாப். துருவ நட்சத்திரத்திலிருந்து கோசாப்பை நோக்கி ஒரு கோடு போடுங்கள். உண்மையான துருவம் இப்போது கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது, துருவ நட்சத்திரத்திலிருந்து முழுநிலா ஒன்றேகால் அகல தூரத்தில். எந்தக் கருவியும் இல்லாமல், எந்தக் கணக்கும் இல்லாமல் பிழை பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைந்துவிடும். 50, 85 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்திருப்பவர்கள் துருவத்தைப் பிடிக்க உதவும் சிறு தொலைநோக்கியான போலார் ஸ்கோப்பை வாங்குவதற்கு முன்னால் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம் என்பது என் கருத்து.

துருவ நட்சத்திரம் வானத்திலேயே மிகப் பிரகாசமானது என்று நினைத்துக்கொண்டு தேடுபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பிரகாச வரிசையில் அது 50-வது இடத்தை ஒட்டித்தான் வரும். அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில் பார்க்கும்போது அதன் ஒளி, தலைக்கு மேலே இருக்கும் நட்சத்திரத்தின் ஒளியைவிட ஐந்து மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடந்து வருகிறது. அதனால் இன்னும் மங்கலாகத் தெரியும்.

தெற்கே போனால்

தென் வான துருவத்துக்கு அருகே ஒரு நட்சத்திரம் இருக்கத்தான் செய்கிறது. சிக்மா ஆக்டாண்டிஸ் என்று பெயர். துருவத்திலிருந்து 1 டிகிரிக்குச் சற்று அதிக தூரத்தில் இருக்கிறது. பிரகாச எண் 5.4 (எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல்). நல்ல இருட்டில் பழகிய கண்ணுக்குத்தான் அகப்படும், நகர வெளிச்சத்தில் வாய்ப்பே இல்லை. அதனால் தெற்கே இருப்பவர்கள் பிரகாசமான நட்சத்திரங்களை வைத்துக் கோடுகள் போட்டுத்தான் துருவத்தைப் பிடிக்கிறார்கள்.

தென்சிலுவையின் நீண்ட கட்டை, உச்சியில் காக்ரக்ஸ், அடியில் ஆக்ரக்ஸ், நீளம் 6 டிகிரி. காக்ரக்ஸிலிருந்து ஆக்ரக்ஸ் வழியாக அதே நீளத்தில் நாலரை மடங்கு போனால் துருவம். பக்கத்தில் ஆல்பா சென்டாரியும் ஹடாரும் ஜோடியாக நிற்கும். அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டின் நடுவிலிருந்து செங்குத்தாக இன்னொரு கோடு போட்டால், அது சிலுவையிலிருந்து வரும் கோட்டைத் துருவத்துக்கு அருகே வெட்டும். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று சரிபார்ப்பதால் இந்த வழியை நான் அதிகம் நம்புகிறேன். அதோடு, பக்கத்திலேயே சற்றுப் பெரிதாகவும் மங்கலாகவும் ஒரு போலிச் சிலுவை இருக்கிறது. அதற்கு அருகே இப்படி ஒரு ஜோடி கிடையாது என்பதால், ஜோடியைப் பார்த்துவிட்டால் குழப்பமும் தீரும்.

சிலுவை தாழ்ந்திருக்கும் மாதங்களில் ஆக்கர்னாரைத் தேடுங்கள். அது ஹடாருக்கு ஏறத்தாழ நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது, இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் துருவம். இருண்ட வானத்தில், மேகத் திட்டுகள்போலத் தெரியும் இரண்டு விண்மீன் மண்டலங்களான பெரிய, சிறிய மெகல்லன் மேகங்களும் உதவும். இரண்டு மேகங்களையும் இரு முனைகளாக வைத்துச் சமபக்க முக்கோணம் போட்டால் மூன்றாவது முனை துருவத்தை ஒட்டி விழும். இவை எல்லாமே ஓரிரு டிகிரி துல்லியம்தான். கண் பார்வைக்குப் போதும், படம் எடுப்பவருக்குத் தொடக்கம் மட்டுமே.

திசைகாட்டி, செயலி, சூரியன்

காந்த ஊசி காந்த வடக்கைக் காட்டும். மெய்வடக்கு அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் ஒன்றுமில்லை, சில இடங்களில் 10, 20 டிகிரி. உங்கள் இடத்துக்கான விலக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஊசியை நம்பக்கூடாது. கைபேசிச் செயலிகள் விலக்கத்தைத் தாங்களே சேர்த்துக்கொள்கின்றன, ஆனால் கைபேசிக்குள் இருக்கும் காந்த உணரி பக்கத்தில் உள்ள இரும்பு, மோட்டார், காந்தம் வைத்த உறை என எதைக் கண்டாலும் தடுமாறும். மவுண்டின் மேலேயே கைபேசியை வைத்துப் பார்த்தால் பல டிகிரி பிசகுவது சாதாரணம். எட்டடி தள்ளி நின்று திசையைப் பார்த்து, தூரத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு மவுண்டை அந்தப் பக்கம் திருப்புவது மேல்.

உயரத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அட்சரேகை தெரியும், ஒரு டிஜிட்டல் கோணமானி இருந்தால் அச்சை அந்தச் சாய்வுக்கு அரை டிகிரிக்குள் வைத்துவிடலாம். அதாவது, துருவத்தைத் தேடுவதில் பாதி வேலையை இருட்டுவதற்கு முன்பே துல்லியமாக முடித்துவிடலாம். மீதி, திசை மட்டும்தான்.

அந்தத் திசைக்கும் பகலிலேயே அருமையான வழி ஒன்று இருக்கிறது. சமதரையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதை மையமாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் மறுபடி தொடும் இடத்தையும் குறித்து இணைத்தால் அது கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தாக வடக்கு தெற்கு. கட்டடக்கலையில் சங்கு எனப்படும் குச்சியை நட்டுத் திசை பார்ப்பது இதேதான். காந்தக் கோளாறு எதுவும் இதைத் தொடாது, ஒரு டிகிரிக்குள் திசை கிடைக்கும். துருவப் பகுதியைச் சுவர் மறைக்கும் மாடியிலோ முற்றத்திலோ டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள், ஒருநாள் பகலில் இதைச் செய்து தரையில் நிரந்தரமாக ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்வதை நான் மிகவும் பரிந்துரைக்கிறேன்.

போலார் ஸ்கோப்பா, கேமராவா, டிரிஃப்ட்டா?

படம் எடுப்பவர்களின் உண்மையான தேர்வு இங்கேதான் இருக்கிறது.

போலார் ஸ்கோப் என்பது மவுண்டின் அச்சுக்குள்ளேயே இருக்கும் சிறு தொலைநோக்கி. அதன் கண்ணாடியில் ஒரு வட்டம் பொறித்திருக்கும். அந்த வட்டத்தின் மையம் துருவம், விளிம்பில் துருவ நட்சத்திரம் உட்கார வேண்டும். விளிம்பில் எந்த மணி நிலையில் என்பதை நேரமும் இடமும் முடிவு செய்யும், செயலிகள் அதைக் காட்டிவிடும். பெரும்பாலானவற்றில் படம் தலைகீழாகத் தெரியும் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கவனமாகச் செய்தால் சில கோண நிமிடங்களுக்குள் வந்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. 200 மில்லிமீட்டர் வரைக்கும் இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. ஸ்கோப்பின் மையமும் மவுண்டின் அச்சும் ஒன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிட வேண்டும். தூரத்தில் ஒரு புள்ளியை மையத்தில் வைத்து அச்சைச் சுழற்றினால் அது நகரக்கூடாது. நகர்ந்தால், எவ்வளவு கவனமாக வைத்தாலும் பயனில்லை.

பழைய ஸ்கோப் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டில் துருவ நட்சத்திரம் துருவத்திலிருந்து 44 கோண நிமிடத்தில் இருந்தது, இன்று 38. பூமியின் அச்சு தளர்ந்த பம்பரம்போலத் தலையாட்டி, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் இந்த நகர்வு. 2100-ஐ ஒட்டி இடைவெளி 27 கோண நிமிடமாகக் குறைந்து, பிறகு கூடத் தொடங்கும். கி.மு. 2800 வாக்கில் துபான் துருவத்துக்கு அருகே இருந்தது, இன்னும் 12,000 ஆண்டுகளில் வேகா அந்தப் பக்கம் வரும். அடையாள நட்சத்திரத்தை நம்பும் எல்லா முறைகளும் இப்படி மெல்ல மெல்லக் காலாவதியாகும். பொறித்த வட்டத்தில் ஆண்டுக் குறி இருந்தால் இன்றைய ஆண்டுக்கு உரியதைப் பயன்படுத்துங்கள்.

சுழற்சியை அளக்கும் முறைகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவற்றில் மிக எளியது, ட்ரைபாடில் கேமராவை வைத்துத் துருவத் திசையை அரை மணி நேரம் படம் எடுப்பது. ஒவ்வொரு நட்சத்திரமும் 7.5 டிகிரி வில் வரையும். எல்லா வில்லுக்கும் பொதுவான மையம்தான் துருவம். தெற்கே இருப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவாகத் துருவத்தைக் காட்டும் வழி எனக்குத் தெரியவில்லை. அடிவானத்தில் இருக்கும் மரமும் கூரையும் படத்தில் சேர்ந்து விழுவதால், உங்கள் இடத்திலிருந்து துருவம் எதற்கு மேலே நிற்கிறது என்பது ஒரே இரவில் என்றென்றைக்குமாகத் தெரிந்துவிடும்.

இதே யோசனையின் வேகமான வடிவம்தான் கணினி வழி. கேமரா ஒரு படம் எடுக்கிறது. மென்பொருள் அதில் உள்ள நட்சத்திர அமைப்பைத் தன் பட்டியலோடு பொருத்தி, படம் வானத்தின் எந்த இடம் என்று கண்டுபிடிக்கிறது. அச்சைச் சுழற்றி அடுத்த படம். இரண்டு, மூன்று படங்களில் அச்சின் மையம் எங்கே என்று கணக்காகிவிடும். பிறகு திருகுகளைத் திருப்பத் திருப்பப் பிழை திரையில் குறைவதைப் பார்க்கலாம். ஒரு கோண நிமிடத்துக்குள் வருவது சுலபம். ஷார்ப்கேப் என்ற மென்பொருளில் உள்ள துருவச் சீரமைப்புக்கும் போல்மாஸ்டர் போன்ற தனிக் கேமராக்களுக்கும் துருவப் பகுதி கண்ணுக்குத் தெரிய வேண்டும். நீனா என்ற மென்பொருளின் மூன்று புள்ளி முறைக்கு அதுகூட வேண்டாம், வானத்தில் தெரியும் எந்தப் பகுதியிலும் செய்யலாம். ஏற்கனவே கேமராவும் கணினியும் வைத்துப் படம் எடுப்பவர் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இதுதான்.

நட்சத்திரம் எந்தப் பக்கம் வழுவுகிறது என்று பார்த்து அச்சைத் திருத்தும் டிரிஃப்ட் முறைக்கு மென்பொருள் வேண்டாம், துருவமும் தெரிய வேண்டாம், பொறுமை வேண்டும். குறுக்குக் கோடுள்ள ஐபீஸில், வான நடுக்கோட்டுக்கு (இரண்டு துருவங்களுக்கும் சரிநடுவே ஓடும் கோடு) அருகே உச்சிக்கோட்டை (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோடு) கடக்கும் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துச் சில நிமிடம் பாருங்கள். வட அரைக்கோளத்தில், அது தெற்கே வழுவினால் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது, வடக்கே வழுவினால் மேற்கே. திசையைச் சரிசெய்த பிறகு கிழக்கு வானத்தில் தாழ்வாக உள்ள ஒரு நட்சத்திரம். அது தெற்கே வழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே வழுவினால் உயர்ந்திருக்கிறது. மேற்கு வானத்து நட்சத்திரம் என்றால் இது தலைகீழ். 5 கோண நிமிடப் பிழை இருந்தால் பத்து நிமிடத்தில் 13 கோண நொடி வழுவல் தெரியும். பிழை குறையக் குறைய அதைக் காண்பதற்கான காத்திருப்பும் நீளும், முழுவதும் முடிய ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஒவ்வொரு இரவும் பிரித்துக் கட்டும் மவுண்டுக்கு இது எனக்குச் சரியாகப் படவில்லை. தூண் நட்டு நிரந்தரமாக வைப்பவருக்கு மிகச் சரி.

துருவம் தாழ்ந்து தெரியும் அட்சரேகைகளில் ஒன்று கூடுதலாகக் கவனிக்க வேண்டும். காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால் 10 டிகிரி உயரத்தில் எல்லாமே 5 கோண நிமிடம் உயர்ந்து தெரியும். போலார் ஸ்கோப்பில் துல்லியமாக வைத்தாலும் அச்சு அந்த அளவுக்கு மேலே போயிருக்கும். 200 மில்லிமீட்டருக்கு இது எல்லையில் நிற்கிறது, பரவாயில்லை என்று விடலாம். நீண்ட டெலஸ்கோப்புக்கு, ஒளிவிலகலைக் கணக்கில் சேர்க்கும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால் அதை இயக்கி வைத்துவிட்டு மூன்று புள்ளி முறையை வானத்தின் உயரமான பகுதியில் செய்யுங்கள்.